பத்தாயிரத்துக்குள் பாப்பா அறை: ஈரோடு ஜவுளிச் சந்தையில் வாங்கியதும், மற்ற இடங்களில் வாங்கியதும்

தங்கச்சிக்கு ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றைக்கே அப்பா என்னைக் கூப்பிட்டு, "பின்னாடி ரூமைக் காலி பண்ணு கண்ணு, பிள்ளைக்கு அதுதான் காத்தோட்டமா இருக்கும்" என்றார். பழைய கட்டில், உடைந்த மிக்ஸி, என் காலேஜ் புத்தக மூட்டை என்று பத்து வருடமாக எல்லாம் அடைந்து கிடந்த அறை அது. தாய்மாமன் என்ற முறையில் அந்த அறையை நானே தயார் செய்கிறேன் என்று சொன்னேன். கையில் பத்தாயிரம் ரூபாய் தனியாக எடுத்து வைத்தேன், அதற்கு மேல் போகக் கூடாது என்று முடிவு. செலவு 9,540 ரூபாயில் முடிந்தது. குழந்தைக்கு இப்போது ஐந்து மாதம் ஆகிவிட்டது, எது உதவியது, எது வீண் என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடியும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். குழந்தை பிறப்பதற்கு முன்னால் தொட்டில், சட்டை எல்லாம் வாங்கி வைப்பது அம்மாவுக்குப் பிடிக்கவே பிடிக்காது. நிறைய வீடுகளில் இது உண்டு, எனக்கும் அதில் அம்மாவோடு மல்லுக்கட்ட மனசு வரவில்லை. அதனால் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். சுவர், ஜன்னல், தரை இதெல்லாம் முன்கூட்டியே, தொட்டிலும் மெத்தையும் பாப்பாவுக்கான துணியும் பிறந்த பிறகு. யோசித்துப் பார்த்தால் இது பண விஷயத்திலும் நல்லதாகவே முடிந்தது. குழந்தை வருவதற்கு முன்னால் கடைக்குப் போனால் பார்க்கிற எல்லாமே தேவை மாதிரித்தான் தெரியும்.

அறையைக் கழுவிக் காய விட்ட அன்று மதியம் ஒரு பாயை விரித்து நடுவில் மல்லாந்து படுத்தேன். கொஞ்ச நேரம் சும்மா கிடக்கலாம் என்றுதான் படுத்தேன், ஆனால் மேலே பார்த்தபோது தெரிந்தது ஃபேன், உத்தரத்தில் ஒரு விரிசல், ஜன்னலின் மேல் பாதி, அவ்வளவுதான். நான் மனதில் போட்டு வைத்திருந்த யானை ஓவியம், பேர் எழுதிய பலகை, கலர் தோரணம் எதுவுமே அங்கே படுத்திருக்கிற பிள்ளையின் கண்ணில் விழப் போவதில்லை. பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும், அதாவது பால் குடிக்கும்போது தெரிகிற அம்மா முகம். அதற்குப் பிறகு செலவு செய்யும்போதெல்லாம் இதைத்தான் கேட்டுக்கொண்டேன்: இது பிள்ளையின் தோலில் படுமா, மூக்குக்குள் போகுமா, கண்ணுக்குத் தெரியுமா? இந்த மூன்றில் ஒன்றும் இல்லையென்றால் வாங்கவில்லை. ஒரே ஒரு தடவை தவறினேன், அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெயின்ட். நான் இளமஞ்சள் அடிக்கலாம் என்று இருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு அக்கா நர்ஸாக இருக்கிறார், அவர் சொன்னதைக் கேட்டு மாற்றிக்கொண்டேன். நிறை மாதத்தில் பிறக்கிற குழந்தைகளிலேயே பாதிக்கு மேல் முதல் வாரத்தில் கொஞ்சமாவது மஞ்சள் காமாலை வருகிறது. அதைக் கண்ணால் கவனிக்க நல்ல பகல் வெளிச்சம் வேண்டும், மஞ்சள் சுவர், மஞ்சள் பல்பு இருந்தால் பிள்ளையின் நிறம் ஏமாற்றிவிடும் என்றார். சரி என்று வெள்ளையோடு ஒட்டின ஒரு நிறம் எடுத்தேன். நாலு லிட்டர் இன்டீரியர் எமல்ஷன், ரோலர், பிரஷ், ஒரு கிலோ பட்டி, உப்புத்தாள் எல்லாம் சேர்த்து 1,450 ரூபாய். ஆள் வைக்கவில்லை, நானும் நண்பனும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்தோம்.

இதில் எல்லோரும் கவனிக்க வேண்டியது புது பெயின்ட்டை விட பழைய பெயின்ட்டைத்தான். எங்கள் வீடு 1994ல் கட்டியது, ஜன்னல் கம்பியில் மூன்று நான்கு கோட் எனாமல் ஏறிச் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. நம் நாட்டில் வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த பெயின்ட்டில் எவ்வளவு ஈயம் இருக்கிறதோ, அந்தத் தூளைக் குழந்தை இருக்கிற அறையில் பறக்க விடக் கூடாது. அதனால் காய்ந்த உப்புத்தாளால் தேய்க்காமல், தண்ணீர் தொட்டு நீர்த்தாளால் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் தூக்கிப் போட்டேன். தங்கச்சியை அந்த வாரம் முழுக்க அந்தப் பக்கமே வர விடவில்லை. அடித்து முடித்து ஒன்றரை மாதம் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்ததில் பிரசவத்துக்கு முன்பே வாசனை சுத்தமாகப் போய்விட்டது. ஒன்பதாம் மாதத்தில் பெயின்ட் அடிப்பவர்களுக்குச் சொல்கிறேன், தயவுசெய்து அடிக்காதீர்கள், பழைய சுவரே இருக்கட்டும்.

அடுத்து, தவறின இடம். சுவரில் ஒட்டுகிற ஸ்டிக்கர், 380 ரூபாய். மரம், குரங்கு, பலூன். ஆன்லைன் படத்தில் அருமையாக இருந்தது. ஒட்டிய மூன்றாவது வாரம் ஓரம் சுருண்டது, சித்திரை வெயிலில் பசை இளகிக் குரங்கு பாதி தொங்கியது, பிய்த்தால் புது பெயின்ட்டோடு வந்தது. மெத்தை பக்கத்தில் ஒரு இலை விழுந்து கிடந்ததைப் பார்த்து அன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். குழந்தை கவிழ்ந்து நகர ஆரம்பித்தால் கையில் கிடைத்தது வாய்க்குத்தான் போகும். வாங்காதீர்கள்.

இப்போது சந்தைக்கு வருகிறேன், எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். ஈரோட்டில் இருந்துகொண்டு குழந்தைத் துணியை மாலில் போய்ப் பெட்டியில் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. பன்னீர்செல்வம் பார்க் பக்கம் கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை, திங்கள் இரவு கூடி செவ்வாய் வரை நடக்கும். இரவில் வெளியூர், வெளிமாநில வியாபாரிகள் மொத்தமாக எடுப்பார்கள், அந்த நேரத்தில் ஐந்து மீட்டர் கேட்டால் நின்று பதில் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது. செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு மேல் போனால் கூட்டம் கொஞ்சம் தணிந்திருக்கும், சில்லறைக்கும் கொடுப்பார்கள், துணியை விரித்துக் காட்டவும் பொறுமை இருக்கும். பாப்பா பிறந்து நாலாவது நாள் ஒரு செவ்வாய்க்கிழமையாக அமைந்தது, அப்பாவும் நானும் வண்டியை எடுத்துக்கொண்டு போனோம்.

வாங்கியது: மல் துணியும் காடாத் துணியுமாக 20 மீட்டர், மீட்டர் 45 ரூபாய். சின்ன துண்டு ஆறு, ஒன்று 60. சென்னிமலை பெட்ஷீட் இரண்டு, ஒன்று 245. திருப்பூர் பனியன் துணி கட்பீஸ், எடை போட்டுக் கொடுப்பது, ஒரு சின்ன மூட்டை 100 ரூபாய். எல்லாம் சேர்த்து 1,850.

காடாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சலவை செய்யாத, சாயம் போடாத பச்சைத் துணி அது. கையில் எடுத்தால் மொடமொடவென்று இருக்கும், உற்றுப் பார்த்தால் பருத்திக் கொட்டையின் பழுப்புப் பொட்டுகள் நூலோடு நூலாகத் தெரியும், இதையா பிள்ளைக்கு என்று முகம் சுளிப்பார்கள். அந்த மொடமொடப்பு தறியில் நூல் அறாமல் இருக்கப் போட்ட கஞ்சி. ஒரு ராத்திரி வெந்நீரில் ஊற வைத்தால் காலையில் தண்ணீர் வடித்த கஞ்சி மாதிரிக் கலங்கி நிற்கும். மூன்று துவையலுக்குப் பிறகு அதே துணி கன்னத்தில் வைத்துக்கொள்ளத் தோன்றுகிற அளவுக்கு இளகிவிடுகிறது. ஒரு மீட்டரை நாலாகக் கிழித்தால் நாலு நாப்கின், ஓரத்தை மட்டும் அம்மா மெஷினில் மடித்து அடித்துக் கொடுத்தாள். கடையில் இதே அளவு நாப்கின் ஆறு கொண்ட பாக்கெட் 400 ரூபாய் சொன்னார்கள், உள்ளே கலப்பு நூல்.

சாயத் துணி வாங்கினால் ஒரு வேலை செய்யுங்கள். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் துணியின் மூலையில் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார், அவரே தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். நாங்கள் எடுத்த சிவப்புத் துண்டு கைக்குட்டையை ரோஜா நிறமாக்கியது, "அது வேண்டாங்க, பெரியவங்களுக்கு வெச்சுக்கலாம்" என்று அவரே எடுத்து ஓரம் வைத்துவிட்டு வெள்ளையில் நீலக்கோடு போட்டதைக் கொடுத்தார். ஒரே குறை, வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. பிள்ளை பெற்றவளையோ கைக்குழந்தையையோ அந்தக் கூட்டத்துக்குள் கூட்டிப் போகவே போகாதீர்கள்.

சென்னிமலை பெட்ஷீட் இரண்டும் ஜன்னல் திரை ஆகிவிட்டன. அந்த அறை மேற்குப் பார்த்தது, நாலு மணி வெயில் நேரே மெத்தையில் விழும். கடையில் விற்கிற திரைத் துணி ஒரு ஜன்னலுக்கே 900 ஆகிறது. கெட்டியான கைத்தறி பெட்ஷீட்டின் மேல் ஓரத்தை மடித்து அடித்துக் கம்பியில் கோத்தால் வெயில் அடங்கிவிடுகிறது, தூசி பிடித்தால் கழற்றித் துவைத்துக்கொள்ளலாம்.

தரைக்கு பவானி ஜமுக்காளம், 900 ரூபாய், பவானிக்கே போய் வாங்கினேன், பதினைந்து கிலோமீட்டர்தான். புவிசார் குறியீடு வாங்கின பொருள் அது, பேரை வைத்து விசைத்தறியில் ஓட்டியதும் நிறைய விற்கிறது, அதனால் கைத்தறி முத்திரை பார்த்து வாங்குங்கள். நல்ல கனம், மொசைக் தரையின் சில்லிப்பு மேலே ஏறவில்லை. இப்போது பாப்பா கவிழ்ந்து படுத்து அந்தப் பட்டைக் கோடுகளைத்தான் விரலால் சுரண்டுகிறாள், சிவப்பும் பச்சையும் கறுப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது அவளுக்கு நன்றாகத் தெரிகிறது போல. பால் துர்நாற்றம் ஏறாமல் இருக்க வாரம் ஒரு தடவை வெயிலில் போட வேண்டும், அது மட்டும்தான் வேலை.

படுக்கை விஷயத்தில் ஒரு கசப்பு. ஆன்லைனில் ஒரு மரக் கட்டில் தொட்டில் 5,200 ரூபாய்க்கு ஆர்டர் போட்டுவிட்டேன், கடை பேர் வேண்டாம். குழந்தை பிறந்த மறுவாரம் வந்தது. பெட்டியைப் பிரித்ததும் வார்னிஷ் நாற்றம் குப்பென்று அடித்தது. டேப் வைத்து அளந்தேன், பக்கக் கம்பிகளுக்கு நடுவில் எட்டரை சென்டிமீட்டர். ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பிள்ளையின் உடம்பு நழுவித் தலை மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு, இது சில நாடுகளில் விதியாகவே இருக்கிறது. கூடவே நாலு பக்கமும் கட்டுகிற பஞ்சு மெத்தைத் தடுப்பும் இலவசமாக வந்தது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பிள்ளையின் மூக்கை அமுக்கிவிடும் என்று அமெரிக்காவில் 2022ல் சட்டம் போட்டே தடை செய்த பொருள் அது. திருப்பி அனுப்பினேன். பணம் வந்து சேர மூன்று வாரமும் எட்டு போன் காலும் ஆயிற்று. பணம் போனாலும் போகட்டும் என்று அதில் பிள்ளையைப் போட்டிருக்க மாட்டேன். எங்கே வாங்கினாலும் டேப்பும் கையுமாகப் போங்கள்.

அதற்குப் பதிலாகச் செய்தது 700 ரூபாய் வேலை. பழைய பருத்திப் பஞ்சு மெத்தையைப் பஞ்சு கடையில் கொடுத்து அடித்து, மூன்றடிக்கு இரண்டடி அளவில் கெட்டியாகத் தைத்து வாங்கினேன். கையால் அழுத்தினால் குழி விழக் கூடாது, அதைத்தான் அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். தங்கச்சி படுக்கிற பாய்க்குப் பக்கத்திலேயே தரையில் அந்த மெத்தை, மேலே ரப்பர் ஷீட் (இரண்டு, 300 ரூபாய்), அதன் மேல் இறுக்கி மடித்த காடா. தலையணை கிடையாது, பொம்மை கிடையாது. அம்மா ஆசையாகக் கடுகுத் தலையணை தைத்து வைத்திருந்தாள், தலை உருண்டையாக வரும் என்று. தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர் அதைக் கேட்டுவிட்டு, "தூங்கும்போது ஒண்ணுமே வேண்டாம்மா, மல்லாக்கப் போடுங்க, தலை தானா சரியாகிடும்" என்றார். அம்மாவுக்கு வருத்தம்தான். அந்தத் தலையணையை நான் பிரிக்கவில்லை, பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

தொட்டில். துணித் தொட்டிலைத்தான் சொல்கிறேன், தூளி, ஏணை என்று ஊருக்கு ஒரு பேர். பழைய வீடுகளில் உத்தரத்திலேயே கொக்கி விட்டிருப்பார்கள், எங்கள் அறையில் இல்லை. ஃபேன் கொக்கியில் கட்டுவதைச் சிலர் செய்கிறார்கள், எனக்குத் துணிச்சல் வரவில்லை. மடக்குகிற இரும்பு ஸ்டாண்டு ஸ்பிரிங்கோடு 2,600 ரூபாய், ஈரோட்டிலேயே பாத்திரக் கடையில் வாங்கினேன். எடை இருபத்தைந்து கிலோ தாங்கும் என்றார் கடைக்காரர், நான் இரண்டு சிமென்ட் சட்டியில் மணல் நிரப்பித் தொங்கவிட்டு ஒரு ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்த பிறகுதான் பிள்ளையைப் போட விட்டேன். நல்லது: ஆடவில்லை, கால் அகலம், துரு இல்லை. கெட்டது: காலடி ரப்பர் புஷ் மட்டமானது, இரண்டே மாதத்தில் கிழிந்து தரையில் வழுக்கத் தொடங்கியது, 40 ரூபாய்க்கு வேறு போட்டேன். ஸ்பிரிங் வாங்கினால் உள்ளே காப்புச் சங்கிலி இருக்கிறதா என்று பாருங்கள், ஸ்பிரிங் அறுந்தாலும் சங்கிலி பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங்குக்குத் துணி உறை தைத்துப் போடுங்கள், பெரிய குழந்தைகள் விரலைக் கொடுத்துவிடும்.

தொட்டில் துணிக்குக் காசே செலவாகவில்லை. ஆத்தா (எங்கள் பாட்டி) உடுத்தித் துவைத்து நைந்த நூல் சேலையைக் கொடுத்தது. எத்தனை வருடமாகத் துவைத்த சேலையோ, அவ்வளவு மிருது, காற்றும் உள்ளே நன்றாகப் போகிறது. அகலக் கட்டை ஒன்றைக் குறுக்கே கொடுத்தால் துணி இரண்டு பக்கமும் முகத்தை மூடாமல் விரிந்து நிற்கும், அதை மறக்கக் கூடாது. டாக்டர் இதிலும் ஒரு விஷயம் சொன்னார். தொட்டிலில் பிள்ளையின் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் முட்டினால் சின்னக் குழந்தைக்கு மூச்சு விடச் சிரமம், அதனால் அழுகையை அமர்த்த, பகலில் யாராவது பக்கத்தில் இருக்கும்போது மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரிக்குச் சமமான கெட்டி மெத்தை என்றார். ஆத்தாவுக்கு முதலில் ஒப்பவில்லை, "எட்டுப் பிள்ளையை இதுலதான் வளத்தேன்" என்றது. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஆத்தா தொட்டிலில் ஆட்டித் தூங்க வைக்கும், கண் சொக்கியதும் தங்கச்சி எடுத்து மெத்தையில் மல்லாக்கப் போடுவாள். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது.

கொசு. ஜன்னலுக்கு வெல்க்ரோ வைத்து ஒட்டுகிற வலை, இரண்டு ஜன்னலுக்கும் 620 ரூபாய், அளவு கொடுத்தால் வெட்டித் தருகிறார்கள், வாடகை வீட்டுக்காரர்களுக்கும் ஆணி அடிக்கத் தேவையில்லை. குடை வலை 350. இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், சுருளும் லிக்விடும் அந்த அறைக்குள் வரவேயில்லை. சின்ன எல்.இ.டி. ஜீரோ பல்பும் பிளக் மூடிகளும் 150, துணி போட்டு வைக்கப் பிளாஸ்டிக் கூடை 240.

சுவர் அலங்காரம் ஒன்று மட்டும் மிஞ்சியது, அதற்குத் தனியாகச் செலவே இல்லை. பிறந்த குழந்தைக்குக் கறுப்பும் வெள்ளையும் மாதிரி அடர்த்தியான வேறுபாடுதான் முதலில் பிடிபடும் என்று படித்திருந்தேன், கடையில் அதற்கென்றே அட்டைகள் 300, 400 என்று விற்கிறார்கள். வீட்டில் கிடந்த கறுப்பு சார்ட் அட்டையை எடுத்து அம்மாவிடம் கொடுத்து, வெள்ளை பெயின்ட் தொட்டு ஒரு கோலம் போடச் சொன்னேன். அம்மா தரையில் உட்கார்ந்து, காது குடையும் பஞ்சுக் குச்சியால் புள்ளி வைத்து, ஒரே மூச்சில் சிக்குக் கோலம் ஒன்றை இழுத்தாள், ஒரு இடத்தில்கூடக் கை நிற்கவில்லை. அப்படி நாலு அட்டை. மெத்தைக்குப் பக்கச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு நேரத்துக்கு ஒன்றாகச் சாய்த்து வைத்தோம். ஆறாவது வாரத்தில் ஒருநாள் பாப்பா தலையைத் திருப்பி அந்தக் கோட்டிலேயே கண்ணை வைத்துக்கொண்டு கிடந்தாள். கை கால் ஆட்டவில்லை, அழவில்லை. பக்கத்து அறையிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "என் கோலத்தையா பாக்குது?" என்று கேட்டுவிட்டு அம்மா அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த வாரம் தங்கச்சியும் பாப்பாவும் கரூருக்குக் கிளம்புகிறார்கள். கோல அட்டை நாலும், காடா நாப்கின் மூட்டையும், குடை வலையும் கூடப் போகின்றன. ஜமுக்காளத்தையும் கேட்டிருக்கிறாள், கொடுத்துவிட்டு எனக்கு வேறு ஒன்று பவானியில் எடுக்க வேண்டும். தொட்டில் ஸ்டாண்டு இங்கேதான் இருக்கும், எதிர் வீட்டு மருமகளுக்கு ஆவணியில் தேதி கொடுத்திருக்கிறார்கள், அவர்கள் கேட்டுவிட்டார்கள். புது புஷ் நாலும் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன்.